முதுகைப் பார்த்துப் பேசியவர்

தெரபி மேடத்துக்கு என் முகம் கடைசிவரை மனதில் நிற்கவே இல்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷம், வாரம் ஒரு தடவையாவது அவர் முன்னால் போய் நின்றிருக்கிறேன். ஆனாலும் ஒரு நாள் ஒரத்தநாடு பேருந்து நிலையத்தில் எதிரே வந்தவருக்கு நான் வணக்கம் வைத்தபோது, யாரோ வழி கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "தஞ்சாவூர் பஸ் அந்தப் பக்கம் நிக்கும்ங்க" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி நடந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, நீங்களா? முதல்லயே திரும்பியிருக்கக் கூடாதா."

அவர் அப்படித்தான். முகம் நிற்காது. பெயரும் பாதிதான் நிற்கும். முதுகு மட்டும் மறக்காது. யார் எந்தக் காலை அழுத்தி ஊன்றுகிறார்கள், யாருக்கு எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, நடக்கும்போது எந்தக் கை வீசாமல் தொங்குகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். தஞ்சாவூரில் ஒரு சந்துக்குள் தரைத்தள வீட்டை வாடகைக்குப் பிடித்து, இடுப்பு வலி, முழங்கால் வலி என்று வருகிறவர்களுக்கு உடற்பயிற்சி வைத்தியம் செய்துகொண்டிருந்தார். டாக்டர் என்று கூப்பிட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் பிசியோதெரபி படித்தவள், ஊசி போடத் தெரியாது என்பார். அதனால் எல்லோருக்கும் தெரபி மேடம்.

உள்ளே சுவரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதை வேண்டுமென்றே இறக்கி மாட்டியிருந்தார். முன்னால் நின்றால் கழுத்திலிருந்து பாதம்வரை தெரியும், தலை தெரியாது. தலை தெரிந்தால் எல்லோரும் முடியைத்தான் சரி செய்கிறார்கள், முதுகைச் சரி செய்வதில்லை என்பது அவர் கட்சி.

எனக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது. நான் கூச்ச சுபாவம் உள்ளவன். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. யாராவது முகத்துக்கு நேரே பார்த்து ஒன்றைக் கேட்டால், தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுவிடும். மேடம் "திரும்பி நில்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். வைத்தியம் எனக்கில்லை, என் மகளுக்கு. இருந்தாலும் என்னிடம் பேசுவதென்றாலும் அவருக்கு முதுகு வேண்டும். நான் சுவரிலிருக்கும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு என் பாட்டுக்குப் பேசுவேன். பேருந்தில் திரும்பி வரும்போது என் மனைவி ஒரு நாள் கேட்டாள், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் இவ்வளவு பேசியிருக்கிறீர்களா என்று. அடுத்த நாள் காலையில் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "இப்பப் பேசுங்க" என்றாள்.

எங்கள் மகள் தர்ஷினி வேகப்பந்து வீசுகிறவள். அறுப்பு முடிந்த வயலில் பையன்களோடு டென்னிஸ் பந்தில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் பார்த்துவிட்டு நிஜப் பந்தைக் கையில் கொடுத்தார். பதினோராம் வகுப்புக்குப் போகும் முன் அந்தக் கோடை விடுமுறை முழுக்க, காலையிலும் சாயங்காலமும் பந்து வீசினாள். எத்தனை பந்து என்று யாரும் எண்ணவில்லை. இடுப்புக்குச் சற்று மேலே இடது பக்கம் பிடிக்கிறது என்றாள். தைலம் தேய்த்தோம். மறுபடியும் வீசினாள். பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்து பெஞ்சிலிருந்து எழுந்து நிற்க முடியவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் இடது பக்கம் மயிரிழை போல ஒரு விரிசல். டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். விளையாட்டைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள், பிசியோதெரபிக்குப் போங்கள் என்று. எங்கள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. முதுகெலும்பு விரிந்துவிட்டது என்றால் வேறென்ன காதில் விழும். ஒரு மாதம் கட்டிலிலேயே படுக்க வைத்தோம். துடைப்பம் எடுக்க விடவில்லை. தெருவிலிருந்து வந்து பார்த்தவர்கள் எல்லாம், பொம்பளைப் பிள்ளையைப் பந்து போட விட்டதற்கு இது தேவைதான், நாளைக்கு ஒருத்தன் கட்டிக்க வர வேண்டாமா என்று அவள் காதுபடவே பேசிவிட்டுப் போனார்கள். தர்ஷினி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அப்படியே இருந்துவிட்டால் பிள்ளை படுக்கையோடு சோர்ந்துபோவாள் என்று பயந்துதான் கடைசியில் மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனோம். தர்ஷினிக்கு அங்கே ஒரே ஒரு கேள்விதான். மறுபடியும் பந்து போட முடியுமா, முடியாதா.

மேடம் அவள் முகத்தையும் பார்க்கவில்லை, ஸ்கேன் படத்தையும் உடனே வாங்கவில்லை. மூன்று பேரையும் வாசல்வரை நடந்து போய்த் திரும்பி வரச் சொன்னார். நாங்கள் வரிசையாக நடந்தோம். திரும்பி வந்ததும் முதலில் என்னைத்தான் பிடித்தார்.

"அண்ணே மூட்டை தூக்குறவங்களா? வலது தோள்லதான் எப்பவும்?"

ஆமாம் என்றேன். நான் நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன். அறுப்புக் காலத்தில் விவசாயிகள் கொண்டுவந்து கொட்டும் நெல்லை எடை போட்டு மூட்டை பிடித்ததும், தோளில் தூக்கி அடுக்குவதும் லாரியில் ஏற்றுவதும் எங்கள் வேலை.

என் மனைவியிடம், நீங்கள் முழங்காலுக்குப் பயந்து நடக்கிறீர்கள் என்றார். தர்ஷினியிடம், நீ பயந்து நடக்கவில்லை, கோபத்தில் நடக்கிறாய், அது நல்லதுதான் என்றார். தர்ஷினி ஒரு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்த்தார். வலது கையால் வீசுகிறவள் ஒவ்வொரு பந்துக்கும் இடது காலில்தான் வந்து இறங்குகிறாள், இறங்கும்போது முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது, அந்த ஒரு இடத்தில் எலும்பை எலும்பு நசுக்குகிறது என்று தன் முழங்கையை மடக்கிக் காட்டினார்.

"இது ஒரு பந்துல உடையல. பந்து பந்தா உடைஞ்சிருக்கு. ஆற வைக்கிறதும் அப்படித்தான். படுத்துக் கிடந்தா எலும்பு ஒட்டும், ஆனா அதைச் சுத்தி இருக்குற சதை எல்லாம் தூங்கிப்போயிடும். இவளுக்கு வேலை குடுக்கணும். பந்து மட்டும்தான் இப்ப இல்ல."

அன்றிலிருந்து வேலை ஆரம்பித்தது. நாலு காலில் தவழ்கிற மாதிரி நின்று ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டுவது, ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது. பார்க்க ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். செய்தால் வேர்த்துக் கொட்டும். எதைச் சொன்னாலும் மேடம் தானும் கூடவே செய்வார். நாற்பது வயதுக்காரர், தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் இறங்கிவிடுவார். நோன்பு மாதத்தில் ஒரு நாள் தர்ஷினி தண்ணீர் தாகம் என்று பாதியில் நிறுத்தினாள். மேடம் காய்ந்த உதட்டோடு மீதியைச் செய்துகொண்டே இருந்தார். தர்ஷினி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் தரையில் ஊன்றினாள்.

நோயாளி இல்லாதவர்கள் முதுகையும் அவர் விட மாட்டார். திருக்கடையூரில் தன் பழைய நோயாளி ஒருவரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போனாராம். மணையில் சம்மணம் போட்டு உட்காரப் போன மாப்பிள்ளையைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, ஒரு நாற்காலி போடுங்கள், இல்லாவிட்டால் இவரைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டில் இதென்ன பேச்சு என்று உறவுக்காரர்கள் முறைத்தார்களாம். "நான் சொன்னது தப்பாப்போச்சுண்ணே, அஞ்சு பேர் தூக்கினாங்க" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீர் வரும். வைத்தியம் ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் ஒரு காலை நான் எழுந்து வெளியே வந்தால், தர்ஷினி இடது கையில் பாதி வாளித் தண்ணீரோடு நடந்து வருகிறாள். வாளியைப் பிடுங்கிக்கொண்டேன். கேட்டால் மேடம் சொன்னாங்க என்றாள். நான் நம்பவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அவளுக்காக இவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். பெண் பிள்ளைக்குப் பயிற்சி நடக்கிற இடம் என்று கூச்சப்பட்டு அது முடியும்வரை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே சொன்னது எதுவும் எனக்குத் தெரியாது. மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு முன்னாலேயே எழுந்துகொள்வேன். அவள் கண் விழிக்கும்போது தொட்டி, குடம், அண்டா எல்லாம் நிறைந்திருக்கும். வலது தோள் மூட்டைக்கே காய்த்துப்போய் இருந்ததால் வாளியை இடது கையில்தான் தூக்கினேன். நான்தாம்பா தூக்கணும் என்று அவள் இரண்டு மூன்று தடவை சொன்னாள். போய்ப் படும்மா என்றேன். உடைந்த முதுகோடு மகளைத் தண்ணீர் தூக்க விட்டவன் என்று பெயர் எடுக்க எனக்கு விருப்பமில்லை. உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. மகளுக்காக நானும் ஏதோ செய்கிறேன் என்று.

ஆறு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். தர்ஷினியைத் திரும்பி நிற்க வைத்து நெடுநேரம் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். இடது காலில் நின்றால் இடுப்பு சரிந்தது.

"புரியலயே. எல்லாம் செய்யிறா. இடது பக்கம் மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்றார் தனக்குள் பேசுகிற மாதிரி. பிறகு என் பக்கம் வந்தார். "அண்ணே, கொஞ்சம் நீங்க திரும்புங்க. வாசல் வரைக்கும் நடங்க."

நடந்தேன்.

"இடது கையில என்னண்ணே தூக்குறீங்க கொஞ்ச நாளா?"

நாள்காட்டியில் கண்ணை வைத்துக்கொண்டு, தண்ணி வாளிங்க என்றேன்.

 மேடம் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் வந்த தண்ணீரை முக்காட்டு நுனியால் துடைத்தார்.

"அவளுக்குக் குடுத்த மருந்தை நீங்க குடிச்சிட்டீங்கண்ணே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இடுப்பில் குடம் வைத்தால் முதுகு பக்கவாட்டில் ஒடியும், அதனால் குடம் கூடாது. ஒரு கையில் மட்டும் வாளியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் சாயாமல் நேராக நடந்தால், முதுகெலும்பைப் பிடித்து நிறுத்துகிற சதை எல்லாம் வேலை செய்யும். முதலில் கால் வாளி, பிறகு அரை, பிறகு முழு வாளி என்று வாரத்துக்கு வாரம் ஏற்றச் சொல்லியிருந்தார். கிராமத்துப் பிள்ளைக்கு வேறு கருவி எதற்கு, வீட்டுக்குத் தூக்குகிற தண்ணீரே போதும் என்று அவர் போட்ட திட்டம் அது.

சிரிப்பு அடங்கியதும் மேடத்தின் குரல் மாறியது. அடுத்த கோடையில் மாவட்டப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அந்த வயதுப் பிரிவில் தர்ஷினிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்குள் எட்டு ஓவர் போடுகிற அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன், ஆறு வாரம் போய்விட்டது, இனி ஐந்து ஓவர்வரைதான் முடியும் என்றார். அவசரப்பட்டு ஏற்றினால் அதே இடத்தில் மறுபடி விரியும், அப்புறம் ஐந்தும் இல்லை. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"உங்களை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு சொல்லியிருக்கணும். அது என் தப்புதாண்ணே."

தர்ஷினி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "வந்து கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. மேடம் சொல்லியிருக்காங்க" என்றாள்.

அது எனக்கு மேடம் கொடுத்த பயிற்சி. மகள் தண்ணீர் தூக்கும்போது குழாயடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவள் சாய்கிறாளா என்று பின்னாலிருந்து பார்க்க வேண்டும். தொடக் கூடாது. நான் தூக்காத மூட்டையா. ஆனால் அந்தக் குழாயடியில் சும்மா நின்றதுபோல் எனக்கு ஒரு நாளும் உடம்பு வலித்ததில்லை. குடத்தோடு வரிசையில் நிற்கிற பெண்கள், பெற்ற அப்பன் காவல்காரன் மாதிரி நிற்கிற அழகைப் பார் என்பார்கள். ஒருத்தி, மாமாவுக்கு ஒரு சேர் போடுங்கடி என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு மகளின் முதுகை மட்டும் பார்ப்பேன். நாள் போகப் போக எனக்கே தெரிய ஆரம்பித்தது. முழு வாளியைத் தூக்கியும் அவள் தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்த நாளில், நான் மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். நானாக ஒருவருக்குப் போன் போட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

நடுவில் இன்னொரு சிக்கல் வந்தது. தர்ஷினிக்கு வலி சுத்தமாகப் போய்விட்டது. வலிதான் இல்லையே, பந்து போடுகிறேன் என்று நின்றாள். மேடம் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. நான் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு, எங்கள் கொள்முதல் நிலையத்தில் நடக்கிறதைச் சொன்னேன். நெல்லைக் கையில் அள்ளினால் சலசலவென்று காய்ந்த மாதிரிதான் இருக்கும். விவசாயி சத்தியம் செய்வார். ஈரம் பார்க்கிற மிஷினில் போட்டால் உள்ளே ஈரம் இருக்கும். அதை அப்படியே மூட்டை பிடித்து அடுக்கினால் நாலாம் நாள் உள்ளே சூடு ஏறி மக்கிப்போகும். மேல் காய்ச்சல் வேறு, உள் காய்ச்சல் வேறு. தர்ஷினி போய் முழங்கையை ஊன்றினாள். அதற்கப்புறம் வருகிற நோயாளிகளிடம் எல்லாம் மேடம், "உள்ள இன்னும் ஈரம் இருக்குங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். இடுப்பு வலியோடு வந்த ஒரு பெரியவர், எனக்கு உடம்பில் நீர் கோத்திருக்கிறதா என்று பயந்தே போய்விட்டார்.

தை பிறந்ததும் பந்து கையில் கிடைத்தது. எங்கள் கொள்முதல் நிலையத்துச் சிமெண்டுக் களம் சம்பா அறுப்பு வரும்வரை காலியாகத்தான் இருக்கிறது, அங்கே வீசட்டும் என்றேன். மேடம் ஸ்கூட்டரில் வந்து, களத்தில் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். கூடாது, இந்த அடி நேராக முதுகுக்குப் போகும் என்றார். பள்ளிக்கூடத்து மண் மைதானம் என்று முடிவானது. முதல் நாள் ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்து ஆறு பந்து. அவ்வளவுதான். தர்ஷினிக்கு அழுகை வந்தது, ஆறு பந்துக்கா ஏழு மாசம் என்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாள். பிறகு பத்து, பிறகு நாலு எட்டு நடந்து வந்து, பிறகு மெதுவாக ஓடி வந்து.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மேடம் வந்துவிடுவார். அம்பயர் நிற்கிற இடத்துக்கும் பின்னால் நின்றுகொள்வார். ஒரு நாள் தர்ஷினி வீசிய பந்து நடுக் கம்பை அப்படியே பிடுங்கிக்கொண்டு போனது. எதிரே மட்டை பிடித்த பையன் வாயைப் பிளந்து நின்றான். நான் என்னை மறந்து கை தட்டிவிட்டு மேடத்தைப் பார்த்தேன். அவர் தர்ஷினியின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கம்பு விழுந்துச்சுங்க."

"அப்படியா? நான் பாக்கலண்ணே. கால் நேரா இறங்கிச்சு."

அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவர் ஒரு பந்தாவது எங்கே போய் விழுந்தது என்று பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஆள் எடுப்பதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது மேடம் மஸ்கட்டுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அவர் வீட்டுக்காரர் பல வருஷமாக அங்கே வேலையில் இருந்தார். பிள்ளைகளோடு அங்கேயே போய்விடுவது என்று முடிவாகி, விசாவும் வந்துவிட்டது. தர்ஷினியிடம், ஐந்து ஓவர், நீ தயாராக இருக்கிறாய், அதற்கு மேல் ஒரு பந்தும் இல்லை என்றார். என்னிடமும் அதையே சொன்னார். இந்தத் தடவை உள்ளே உட்கார வைத்துச் சொன்னார்.

ஆள் எடுக்கிற அன்று தஞ்சாவூர் மைதானத்தில் நாள் முழுக்க ஆட்டம் வைத்தார்கள். தர்ஷினிக்குக் காலையில் மூன்று ஓவர், மத்தியானத்துக்கு மேல் இரண்டு. இரண்டு விக்கெட் எடுத்தாள். ஐந்து முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். ஆனால் ஆட்டம் நெருக்கத்துக்கு வந்துவிட்டது. ஆள் எடுக்கிற கோச், தொப்பி போட்டவர், தர்ஷினியைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு ஓவர் போடச் சொன்னார். அவளோடு அதே இடத்துக்குப் போட்டியிட்ட இன்னொரு பெண் ஏற்கெனவே ஏழு ஓவர் போட்டிருந்தாள்.

தர்ஷினி எல்லைக் கோட்டுக்கு ஓடி வந்தாள். நான் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, வலிக்கவே இல்லப்பா. ரெண்டே ஓவர். இப்ப இல்லன்னு சொன்னா என்னை எடுக்க மாட்டாங்க."

மேடத்தின் பழைய நம்பருக்கு அடித்தேன். தொடர்பில் இல்லை என்று வந்தது. மகளின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷம் கட்டிலிலும் தரையிலும் குழாயடியிலும் கிடந்து வந்தவள். அந்த ஆறு வாரத்தை நான் தின்றிருக்காவிட்டால் இன்றைக்கு எட்டு ஓவர் போடுகிறவள். நானே கெடுத்தேன், நானே இல்லை என்றும் சொல்வதா.

எழுந்து மைதானத்துக்குள் நடந்தேன். சுற்றிலும் அத்தனை பேர் பார்க்கிறார்கள்.  கோச் நிமிர்ந்து, யார் நீங்கள் என்றார். அந்தப் பெண்ணின் அப்பா என்றேன். அவளே போடுகிறேன் என்கிறாளே, உங்களுக்கு என்ன என்றார். பார்க்க அங்கே நாள்காட்டி இல்லை. அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.

"அவ போடுவாங்க. எலும்பு அஞ்சுக்குத்தாங்க பழகியிருக்கு. ஏழுக்குப் பழக்கியிருக்கணும், பழக்காம விட்டது நான். அவ மேல குறை வச்சுடாதீங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேறொரு பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டார். தர்ஷினி பந்தை அவளிடம் கொடுத்துவிட்டு எல்லைக் கோட்டுப் பக்கம் போய் நின்றாள். அந்தப் பெண்ணின் ஓவரில் ஆட்டம் கைவிட்டுப் போனது.

பேருந்தில் தர்ஷினி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வெளியே அறுத்த வயலெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது.  ஊரில் இறங்கும்போது, "நீங்க பேசுவீங்கன்னு நினைக்கலப்பா" என்றாள். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. 

மூன்றாம் நாள் பட்டியல் அவள் போனுக்கு வந்தது. நான் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். தர்ஷினி சைக்கிளில் வந்து, போனை என் கையில் கொடுத்தாள். இங்கிலீஷ் எனக்கு வராது. அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவள் பெயர் இருந்தது. கடைசிக்கு முந்தின பெயர். அதற்குப் பக்கத்தில் பேனாவால் யாரோ ஒரு எண்ணை எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். எண் எனக்குத் தெரியும். ஐந்து.

சாக்கு ஊசியோடு நின்ற ஆட்கள் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள். தோளில் மூட்டையோடு நின்ற ஒருவர், தூக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

மேடத்தின் புது நம்பர் எங்களிடம் இல்லை. அதிராம்பட்டினத்தில் இருந்த அவர் தங்கையிடம் கேட்டு வாங்கி, அந்தப் படத்தை தர்ஷினி அனுப்பி வைத்தாள். அன்று சாயங்காலம் குரல் செய்தி ஒன்று வந்தது. பின்னால் ஏதோ வண்டிச் சத்தம். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூட இல்லை.  நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, அடுத்த மாசத்துலேர்ந்து ஆறு போடலாம். ஏழு இல்ல."